முதலில் எடைக்கல், அப்புறம் கோட்டை

அலுவலக வேலையாக ஒரு வாரம் கானாவுக்குப் போகிறீர்கள், அதில் இரண்டு நாள்தான் சொந்தமாகக் கிடைக்கும், அக்ராவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் பார்க்கத் தகுந்ததா, இல்லை நேரே கேப் கோஸ்ட் கோட்டைக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பாருங்கள். ஆனால் எது முதலில் என்பதுதான் முக்கியம். முதல் நாள் அருங்காட்சியகம், மறுநாள் கோட்டை. மாற்றிப் போடாதீர்கள்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தேமா துறைமுகத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி எடுத்துக்கொண்டு கேப் கோஸ்டுக்குக் கூட்டிப் போவது வழக்கம். அடிமைகளை அடைத்து வைத்திருந்த அந்த நிலவறைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் யாருக்கும் பேச்சு வராது. திரும்பும் வழியில் என் பெரியப்பா மகன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பாவம்டா இந்த ஜனங்க." அடுத்து வந்த நண்பரும் அதையேதான் சொன்னார். மூன்றாவது ஆளும் சொன்னபோது எனக்கே உறுத்தியது. ஒரு தேசத்தின் ஆயிரம் வருட வரலாற்றில் அவர்கள் பார்த்தது அடிமைகளைக் கப்பல் ஏற்றிய வாசல் ஒன்றை மட்டும்தான். அந்தக் கப்பல்கள் எதைத் தேடி வந்தன, வந்தபோது இங்கே யார் இருந்தார்கள் என்று கோட்டைச் சுவர் சொல்லாது. அதற்குப் பிறகு வந்தவர்களை முதலில் பார்ன்ஸ் சாலைக்குக் கூட்டிப் போனேன். பேச்சே மாறிவிட்டது.

பார்ன்ஸ் சாலையில்தான் தேசிய அருங்காட்சியகம். அலுமினியக் குவிமாடம் போட்ட வட்டமான கூடம், உள்ளே ஓரமாக ஒரு மேல்தளம். லூவரையோ லண்டனையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் சின்னதாகத் தெரியும். ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். கட்டடத்துக்கு வரைபடம் போட்டது மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதியும் அவர்கள் கூட்டாளிகளும் நடத்திய நிறுவனம். சண்டிகர் நகரத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயோடு வேலை செய்தார்களே, அதே தம்பதிதான். வெயிலூரில் எப்படிக் கட்டுவது என்பதை மேற்கு ஆப்பிரிக்காவில் பழகிவிட்டுத்தான் சண்டிகருக்கு வந்தார்கள்.

திறந்த தேதியைக் கவனியுங்கள்: 1957 மார்ச் 5. கானா சுதந்திரம் அடைந்தது மார்ச் 6. அதாவது ஆங்கிலேயர் ஆட்சியின் கடைசி நாளில், விழாவுக்கு வந்திருந்த கென்ட் கோமகளை வைத்துத் திறந்தார்கள். அடித்தளமாக இருந்தது அச்சிமோட்டா கல்லூரியில் சேர்த்து வைத்திருந்த பொருள்கள். அதை ஒரு தேசிய நிறுவனமாக உருவாக்கியதில் பெரிய பங்கு ஏ. டபிள்யூ. லாரன்ஸ் என்ற தொல்லியல் பேராசிரியருக்கு உண்டு. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று படமெல்லாம் வந்ததே, அவருடைய தம்பி. ஆக, விடுதலைக்கு முந்தின நாள், போகிறவர்கள் கையாலேயே அடுக்கி வைக்கப்பட்ட வரலாறு இது. அதற்குப் பிறகு கானாக்காரர்கள் அதைத் தங்களுக்கானதாக மாற்றி எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 2015-இல் புதுப்பிப்பதற்காக மூடி, 2022-இல்தான் மறுபடி திறந்தார்கள். பழைய பயணக் குறிப்புகளில் 'மூடியிருக்கிறது' என்று இருந்தால் நம்பாதீர்கள்.

சரி, உள்ளே போனதும் என்ன பார்ப்பது? காட்சிப் பொருள்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள், அதனால் இந்த மூலை, அந்த மூலை என்று சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவரிடம் "கோல்டு வெயிட்ஸ் எங்கே?" என்று கேளுங்கள், தங்கம் நிறுக்க வைத்திருந்த எடைக்கற்கள் அவை. பெரிய முரசுகளும் பல வண்ணத்தில் நெய்த கென்டே துணிகளும் கண்ணை இழுக்கும். இருக்கட்டும், அவற்றை அப்புறம் பார்க்கலாம். முதலில் இந்தப் பித்தளைத் துண்டுகள். சுண்டுவிரல் நகம் அளவிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு வரை இருக்கும். அவற்றின் முன்னால் அரை மணி நேரம் நின்றால், டிக்கெட் காசுக்கு மேலேயே கிடைத்துவிடும்.

தென் கானாவிலும் பக்கத்து ஐவரி கோஸ்டிலும் வாழும் அகான் மக்களிடையே சுமார் 400 வருடத்துக்கு மேல் பணம் என்பது தங்கப் பொடிதான். நாணயம் கிடையாது. சந்தையில் ஒரு கோழி வாங்க வேண்டுமென்றாலும் பொடியை நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் வியாபாரம் செய்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு மூட்டை இருக்கும்: சிறு தராசு, பொடியை அள்ள ஒரு கரண்டி, சலிக்க ஒரு தட்டு, பொடி வைக்க டப்பி, அப்புறம் எடைக்கற்கள். கல் என்று நாம் சொல்கிறோம், உண்மையில் எல்லாம் பித்தளை. விற்கிறவர் தன் கல்லால் நிறுப்பார், வாங்குகிறவர் தன் கல்லால் நிறுப்பார், இரண்டும் ஒத்துவராவிட்டால் பேரம். ஒருவருடைய மூட்டை அவருக்குப் பிறகு வாரிசுக்குப் போகும். அகான் மக்களில் தாய்வழி வாரிசு முறை என்பதால் பெரும்பாலும் சகோதரியின் மகனுக்கு.

மிகச் சிறிய எடைகளுக்கு என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? விதைகள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கானாக் கடற்கரையில் எல்மினா என்ற ஊரில் இருந்த ஒரு டச்சு வணிகர், சிவப்பாக, ஒரு பக்கம் கறுப்புப் புள்ளி வைத்த விதையால் தங்கம் நிறுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். படித்ததும் புரிந்திருக்குமே: நம்ம குண்டுமணி. 'குண்டுமணித் தங்கம்கூட இல்லை' என்று இங்கே நாம் பேச்சுக்குச் சொல்வதை அங்கேயும் அதே விதையை வைத்துச் சொல்லியிருக்க முடியும். யாரும் யாரிடமும் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எடை அவ்வளவாக வேறுபடாத விதை, காய்ந்தாலும் சுருங்காது, காட்டில் சும்மா கிடைக்கிறது. தட்டான் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்.

எடைக்கற்களில் இரண்டு வகை உண்டு. பழையவை பெரும்பாலும் கோலம் மாதிரி வடிவங்கள்: படிக்கட்டு, சுருள், கோடுகள். பின்னால் வந்தவை உருவங்கள்: பறவை, மீன், முதலை, முரசு அடிக்கிறவன், கேடயம், செருப்பு. செய்முறை மெழுகு வார்ப்பு. தேன்மெழுகில் உருவம் பிடித்து, மேலே களிமண் பூசி, சுட்டால் மெழுகு உருகி வெளியே போய்விடும், அந்த வெற்றிடத்தில் பித்தளையை ஊற்றுவார்கள். சில கற்களுக்கு மெழுகுகூட இல்லை. நிஜ வேர்க்கடலையை, நிஜ வண்டை அப்படியே களிமண்ணில் பொதிந்து சுட்டுவிடுவார்கள். அது சாம்பலாகிப் போன இடத்தில் உலோகம் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு வேர்க்கடலையைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். தோட்டின் வலைவலையான கோடு, நடுவில் ஒரு பக்கம் லேசாக அமுங்கிய இடம் எல்லாம் அப்படியே இருந்தது. என்றோ யாரோ உரித்துத் தின்னாமல் விட்ட ஒரு கடலை.

இன்னொன்றையும் உற்றுப் பாருங்கள். சில உருவங்களுக்கு ஒரு கால் இருக்காது, அல்லது முதுகில் ஈயத் துளி ஒன்று அப்பியிருக்கும். உடைந்துபோய் ஒட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். வார்த்த பிறகு எடை கூடுதலாக இருந்தால் ஒரு முனையை வெட்டுவார்கள், குறைந்தால் ஈயம் வைத்து அடைப்பார்கள். அழகைவிட அளவு முக்கியம்.

உருவங்கள் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் பழமொழி உண்டு. இரண்டு முதலை, ஆனால் வயிறு ஒன்று. யார் தின்றாலும் ஒரே வயிற்றுக்குத்தான் போகிறது, இருந்தாலும் வாய்க்குள் போகும்போது சண்டை. கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தலையைத் திருப்பி முதுகைப் பார்க்கும் பறவை சங்கோஃபா: மறந்ததைத் திரும்பிப் போய் எடுத்து வருவதில் தப்பில்லை. முள்ளம்பன்றி, அகான் மக்களின் அரசுகளில் ஒன்றான அசாந்தே அரசின் சின்னம்: ஆயிரம் பேரைக் கொன்றால் ஆயிரம் பேர் வருவார்கள். சந்தையில் ஒருவர் எந்தக் கல்லை எடுத்து வைக்கிறார் என்பதிலேயே ஒரு பேச்சு இருந்திருக்கும்.

1817-இல் அசாந்தே தலைநகர் குமாசிக்குப் போன ஆங்கிலேயத் தூதுக் குழுவில் ஒருவர் ஒரு வேடிக்கையை எழுதியிருக்கிறார். மன்னருடைய கற்கள் மற்றவர்களுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு கனம். அரண்மனைச் சாப்பாட்டுச் செலவுக்கான தங்கத்தை மன்னர் கல்லால் நிறுத்துக் கொடுப்பார்கள், வெளியே செலவழிப்பது சாதாரணக் கல்லால். இடையில் நிற்கும் வித்தியாசம் தலைமைச் சமையல்காரர் முதலான அரண்மனை அதிகாரிகளுக்கு. கமிஷன் இல்லாத ஊரே கிடையாது போல.

இந்தக் கற்களைப் பார்த்துவிட்டால் கடற்கரை வரலாறு தானாகப் புரியும். வடக்கே சகாரா வழியாக வந்த முஸ்லிம் வணிகர்களின் எடை முறையும், பிறகு கப்பலில் வந்த ஐரோப்பியரின் எடை முறையும் இந்தக் கற்களுக்குள் கலந்திருக்கின்றன. கற்களுக்கான பித்தளையே முதலில் வடக்கிலிருந்து ஒட்டகத்தில் வந்தது, பிறகு ஐரோப்பாவிலிருந்து பாத்திரமாகவும் வளையமாகவும் கப்பலில் வந்தது. போர்ச்சுகீசியர் 1482-இல் எல்மினாவில் கோட்டை கட்டியது தங்கத்துக்காக. அந்த இடத்துக்கே அவர்கள் வைத்த பெயர் 'மினா', அதாவது சுரங்கம். முதல் சில பத்தாண்டுகளில் அவர்கள் இங்கிருந்து அடிமைகளை ஏற்றிப் போகவில்லை. பெனின் (இன்றைய நைஜீரியா) பக்கமிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இங்கே அகான் வணிகர்களுக்குத் தங்கத்துக்கு விற்றார்கள். இது பலருக்கும் தெரியாது, கேட்டால் சங்கடப்படுவார்கள். அமெரிக்கத் தோட்டங்களுக்கு ஆள் தேவை பெருகிய பிறகு, 17-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து, ஓட்டம் திசை மாறியது. துப்பாக்கியும் வெடிமருந்தும் வந்தன, உள்நாட்டுப் போர்களில் பிடிபட்டவர்கள் கடற்கரைக்கு நடத்திவரப்பட்டார்கள். அசாந்தே அரசுக்கும் அதில் பங்கு உண்டு. கைவிலங்குகளையும் சங்கிலிகளையும் காட்சியில் பார்க்கும்போது இந்த வரிசை மனதில் இருக்கட்டும்.

நமக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது, நிஜமாகவே நூல்தான். அந்தக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றி வந்த சரக்கில் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி முக்கியமானது. 'கினி துணி' என்றே அதற்கு ஒரு வியாபாரப் பெயர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் வாங்கினார்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். துணி ஐரோப்பா போய் அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கு வந்து மனிதர்களுக்கு ஈடாகக் கை மாறியது. மாலத்தீவுச் சோழியும் அப்படித்தான், இலங்கைத் துறைமுகங்கள் வழியாக மூட்டை மூட்டையாகப் போனது. கானாவின் இன்றைய பணத்தின் பெயர் 'சீடி'; அகான் மொழியில் சோழி என்று பொருள். சில்லறைக்குப் பெயர் 'பெசெவா'. அது தங்கப் பொடிக் காலத்தில் மிகச் சிறிய ஓர் அளவின் பெயர். சோழியும் தங்கப் பொடியும் சட்டைப் பையில் இன்னும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இருக்கைகள். ஒரே மரத்துண்டில் குடைந்த, நடுவில் வளைந்த முக்காலி மாதிரி இருக்கும். அகான் வீடுகளில் ஒருவருடைய இருக்கையில் அவருடைய ஆன்மா தங்கும் என்று நம்பிக்கை. அதனால் எழுந்து போகும்போது சாய்த்து வைத்துவிடுவார்கள், வேறு ஆவி ஏதும் வந்து உட்காரக் கூடாது. தலைவர் இறந்தால் அவர் இருக்கையைக் கறுப்பாக்கி முன்னோர் அறையில் வைப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டால்தான் 1900-இல் நடந்த போர் புரியும். ஓசெய் டூட்டூ மன்னர் காலத்தில் வானத்திலிருந்து இறங்கியதாகச் சொல்லப்படும் தங்க இருக்கையில் எந்த மன்னரும் உட்கார்ந்ததே இல்லை. அதில் இருப்பது அசாந்தே மக்கள் அத்தனை பேரின் ஆன்மா. ஹாட்ஜ்சன் என்ற ஆங்கிலேய ஆளுநர் குமாசிக்குப் போய், அந்த இருக்கை எங்கே, ஏன் என்னை அதில் உட்கார வைக்கவில்லை என்று கேட்டார். எஜிசு ஊரின் ராஜமாதா யா அசந்தேவா தலைமையில் போர் வெடித்தது. தோற்றார்கள், யா அசந்தேவாவை செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள், 1921-இல் அங்கேயே இறந்தார். ஆனால் இருக்கை ஆங்கிலேயர் கையில் கடைசிவரை சிக்கவில்லை.

அசாந்தே அரண்மனையின் தங்கச் சாமான்களெல்லாம் இங்கே ஏன் இல்லை என்று நீங்கள் கேட்பீர்கள். 1874-இல் ஆங்கிலேயப் படை குமாசியை எரித்து அரண்மனையைக் கொள்ளையடித்தது. கிடைத்த தங்கம் லண்டனில் நகைக்கடை வரை போய், பிறகு அங்குள்ள அருங்காட்சியகங்களில் சேர்ந்தது. 2024-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் 32 பொருள்களை அனுப்பின. திருப்பி அல்ல, இரவலாக. கொள்ளை போனவன் வீட்டுக்கே அவன் பொருளைக் கடனாகக் கொடுப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதே வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஃபௌலர் அருங்காட்சியகம் 7 பொருள்களை நிரந்தரமாகவே கொடுத்துவிட்டது. இவையெல்லாம் வந்து சேர்ந்தது குமாசியின் மன்ஹியா அரண்மனைக்கு, அக்ராவுக்கு அல்ல. குமாசிக்கு நேரம் கிடைக்காது உங்களுக்கு; அடுத்த முறை.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் நிக்ரூமா நினைவுப் பூங்காவுக்குப் போங்கள். ஆங்கிலேயர் போலோ ஆடிய மைதானம் அது. அங்கே நின்றுதான் கானாவின் முதல் பிரதமர் நிக்ரூமா சுதந்திரத்தை அறிவித்தார். உள்ளே தலையில்லாத ஒரு சிலை இருக்கும். 1966 பிப்ரவரி 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கூட்டம் இழுத்துத் தள்ளிய சிலை. தலையை யாரோ எடுத்து வைத்திருந்து, பல வருடம் கழித்து ஒப்படைத்தார்கள். அதை உடம்போடு ஒட்டாமல் பக்கத்தில் தனிப் பீடத்தில் வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

போகும் வழியில் 'பர்மா கேம்ப்' என்ற பெயர் கண்ணிலோ காதிலோ படலாம். கானா ராணுவத் தலைமையகம்தான் அது. இரண்டாம் உலகப் போரில் கோல்ட் கோஸ்ட் (கானாவின் அன்றைய பெயர்) சிப்பாய்கள் பர்மாவில் ஜப்பானியரோடு சண்டை போட்டார்கள். ஊர் திரும்பிய அவர்கள், வாக்களித்த சலுகைகள் கிடைக்காமல் 1948 பிப்ரவரி 28 அன்று ஆளுநரிடம் மனு கொடுக்க ஊர்வலமாகப் போனபோது சுடப்பட்டு 3 பேர் இறந்தார்கள். சுதந்திரப் போராட்டம் சூடு பிடித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் கேப் கோஸ்ட். சுமார் 145 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள், கசோவா நெரிசலில் மாட்டினால் பாதி நாள் போய்விடும். 1877 வரை ஆங்கிலேயரின் தலைமையிடம் அந்தக் கோட்டைதான், அதற்குப் பிறகுதான் அக்ராவுக்கு மாற்றினார்கள். அங்கே வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள், நான் முந்திக்கொண்டு சொல்ல மாட்டேன்.

சில நடைமுறை விஷயங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் விட மாட்டார்கள். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். காசு வாங்குவதோ கொடுப்பதோ வலது கையால். இடது கை நீட்டினால் நம் ஊரைப் போலவே முகம் சுளிப்பார்கள். படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். மின்சாரம் போனால் அங்கே 'டும்சோர்' என்பார்கள், அணை-ஏற்று என்று அர்த்தம். அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே சொன்னால் உடனே நண்பராகிவிடலாம்.

அப்புறம், ஆர்ட்ஸ் சென்டர் சந்தையில் எடைக்கல் விற்பார்கள். பழையது என்று சத்தியம் செய்வார்கள். புதிதாக வார்த்துப் புகையில் காட்டி மங்கவைத்தது. புதியது என்று தெரிந்தே வாங்குங்கள், அழகாகத்தான் இருக்கும், பாதி விலையிலிருந்து பேரம் தொடங்குங்கள். நிஜமாகவே பழைய பொருளாக இருந்தால் அருங்காட்சியக வாரியத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் விமானத்தில் ஏற்ற முடியாது. அதே கடைகளில் சிவப்பும் கறுப்புமாக மணிமாலை தொங்கினால் மட்டும் உற்றுப் பாருங்கள். அது நிஜக் குண்டுமணியாக இருந்தால், கடித்து நொறுக்கினால் கடும் விஷம். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதை மட்டும் வாங்கி வராதீர்கள்.